ஆடு கரையேறும் வரை

டபுள் பேஸை ரயிலில் எப்படிப் பெங்களூர் வரை கொண்டுபோனாய் என்று எங்கள் சபையில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அதைச் சொல்லப்போவதில்லை. அது எனக்கும் பார்சல் ஆபீசுக்கும் நடந்த சண்டை. நான் ஜெயித்தேன் என்பது மட்டும் போதும்.

டபுள் பேஸ் என்பது வயலினுக்குப் பெரியப்பா முறை. நிறுத்தி வைத்தால் ஆளை விட உயரம். பாளையங்கோட்டையில் ஒரு கூட்டுறவு வங்கியில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயப் பாடகர் குழுவில் இதை வாசிப்பேன். நான் குள்ளம். உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் வாசிக்க முடியும். எதிரே இருப்பவர்களுக்கு என் வில் மட்டும்தான் தெரிகிறது என்று குழுவில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

என்னைப் பெங்களூருக்கு இழுத்தது என் தம்பி சாம். அங்கே வீடியோ கேம் செய்யும் ஒரு கம்பெனியில் இசையமைக்கிற வேலையில் இருந்தான். சில வருஷமாக ஒரே கேமில் உட்கார்ந்திருந்தான். ஆற்றில் வெள்ளம் வருகிறது. ஒரு பெண் தன் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பரிசலில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் கதை. துப்பாக்கி கிடையாது, பேய் கிடையாது. அது கடைக்கு வருவதற்குள் பணம் போட்டவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கம்பெனி கேமைக் கிடப்பில் போட்டது. சாமையும் வீட்டுக்கு அனுப்பியது.

கிடப்பில் போடுவதற்கு முன்பே ஓர் ஏற்பாடு நடந்திருந்தது. வீடியோ கேம் இசையை மட்டும் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் வாசிக்கும் கச்சேரி. அதில் கடைசி உருப்படி சாமுடையது. மேடையிலேயே ஒருவர் கேமை விளையாடுவார், பின்னால் பெரிய திரையில் அது தெரியும், ஆர்க்கெஸ்ட்ரா கூடவே வாசிக்கும். அந்த ஒரு மாலைக்கு மட்டும் கம்பெனி சம்மதித்தது. மறுநாள் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கேமும் அவர்களுடையது, இசையும் அவர்களுடையது. அதற்குப் பிறகு சாம் போட்ட மெட்டு யார் காதிலும் விழாது.

கச்சேரி நெருங்கும்போது அவனிடமிருந்து போன் வந்தது.

"யக்கா, பேஸ் வாசிக்கிறவரு படிக்கட்டுல பேஸோட உருண்டுட்டாரு. அவரு கையும் உடைஞ்சிட்டு, பேஸ் கழுத்தும் உடைஞ்சிட்டு. நீ வாரியா?"

"பேஸையும் தூக்கிக்கிட்டால?"

"பேஸத்தான் கேக்கேன். கூட நீயும் வா."

பெங்களூர் ஸ்டேஷன் வாசலில் குளிர்காற்று முகத்தில் அடித்தது. பாளையங்கோட்டையில் மார்கழிக் காலையில்கூட இப்படி அடிக்காது. முதல் ஆட்டோக்காரர் பேஸைப் பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜா என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை என்றதும், ஃப்ரிட்ஜ் என்றாலாவது கயிறு கட்டி ஏற்றலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்தவர் தமிழ்.

"அக்கா, இத உள்ள வெச்சா நீங்க மேல ஒக்காரணும், நா ரோட்ல ஓடி வரணும். குட்ஸ் வண்டி புடிங்க."

அவரே ஒரு குட்ஸ் ஆட்டோவைப் பிடித்தும் கொடுத்தார். பின்பக்கம் காலையில் தக்காளி ஏற்றிய வாடை. பேஸைப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் சாக்கு கொடுத்துக் கட்டினோம். டிரைவர் பக்கத்தில் எனக்கு இடம். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் பேஸ் 'ம்ம்' என்று முனகியது.

"யாரு மேடம் வாசிப்பாங்க இத?"

"நான்தான்."

அவர் கண்ணாடியில் பேஸைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். "ஒத்தையாவா?" என்றார்.

சாம் தன் அடுக்குமாடி லிஃப்டை முன்கூட்டியே அளந்து பார்த்து, பேஸ் நுழையாது என்று சொல்லியிருந்தான். அதனால் ரிச்சர்ட்ஸ் டவுனில் டாரதி ஆன்ட்டி வீட்டில் தங்கல். அவர் அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசிப்பவர். மூன்று தலைமுறையாக அதே தெரு, அதே ஆலயம். வண்டி போய் நின்றபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"பேஸ மொதல்ல உள்ள கொண்டாம்மா! நீ நனஞ்சா காஞ்சிடுவ, அது காயாது!"

அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் நாயை இங்கிலீஷில் திட்டினார், டிரைவரிடம் கன்னடத்தில் பேசினார், என்னைத் தமிழில் உள்ளே கூப்பிட்டார். மூன்றையும் ஒரே மூச்சில் செய்தார். மத்தியானம் மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பால் சோறும், கொத்துக்கறி உருண்டைக் குழம்பும். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் என்றால் சொதிக்குத்தான் போகும், சோற்றுக்குள் போகாது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் பேஸை உறையிலிருந்து எடுத்தால் நாலு தந்தியும் சுருதி விலகிக் கிடந்தன. வெயிலில் காய்ந்த கட்டைக்கு இந்த ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பித் திருப்பி முறுக்கினேன். பத்து நிமிஷம் நின்றது, மறுபடி இறங்கியது. "ஸ்வல்பா டைம் குடும்மா அதுக்கு. எங்க ஊருக்கு வர்ற எல்லாரும் மொத நாளு அப்டித்தான்" என்றார் டாரதி ஆன்ட்டி.

மறுநாள் காலை சாம் வந்து மல்லேஸ்வரத்துக்கு அழைத்துப் போனான். வெண்ணெய் மிதக்கும் தோசை நன்றாகவே இருந்தது. சாம்பாரில்தான் எனக்கும் பெங்களூருக்கும் ஒத்துவரவில்லை. சாம்பாரில் வெல்லம் போடுகிறவர்கள் பாயசத்தில் என்ன போடுவார்கள் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்து மேஜைப் பெரியவர் தமிழில், "பழகிடும்மா, நான் நாப்பது வருஷமா பழகிட்டு இருக்கேன்" என்றார்.

காபி வந்தபிறகு சாம் விஷயத்துக்கு வந்தான். மெலிந்திருந்தான். முகத்தைச் சவரம் செய்து சில நாளாகியிருக்கும்.

"கேம் பாட்டுக்கு முடிவு கிடையாதுக்கா. சினிமா மாதிரி இத்தன நிமிஷம்னு இல்ல. ஆடுறவங்க அக்கர சேர வரைக்கும் அதே நாலு வரி சுத்திக்கிட்டே இருக்கும். பரிசல் கவுந்துட்டா முதல்லேர்ந்து. கர சேந்தாத்தான் அடுத்த பாட்டு. அது எப்பன்னு யாருக்கும் தெரியாது."

"இதுல என்னல அதிசயம்? திருவிருந்துல நாங்க அதத்தான பண்ணுதோம்?"

சாம் ஆலயத்துக்கு வருவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அவனுக்கு மறந்திருக்கும். திருவிருந்து நாளில் ஜனங்கள் வரிசை வரிசையாகப் போய்ப் பீடத்தின் முன் முழங்கால்படியிட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு எழுந்து வருவார்கள். கடைசி ஆள் எழும் வரை பாட்டு நிற்கக் கூடாது. கூட்டம் அதிகம் என்றால் அதே பாட்டு திரும்பத் திரும்ப ஓடும். ரசம் தீர்ந்துபோய்ப் போதகர் மறுபடி ஜெபித்து எடுத்து வரும் நாளும் உண்டு. அப்போது வயலின்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ள, ஆர்கனும் பேஸும் மட்டும் தணிந்த குரலில் ஓட்டிக்கொண்டிருப்போம். யாரும் நோட்டைப் பார்ப்பதில்லை. கண்ணெல்லாம் பீடத்தின் முன்னேதான் இருக்கும். கடைசி ஆள் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்ததும் எல்லோரும் சேர்ந்தாற்போல் ஆமெனுக்குப் போய்விடுவோம். பேஸுக்கு அதில் இரண்டே சுரம். 'ஆ'வுக்கு ஒன்று, 'மென்'னுக்கு ஒன்று. யாரும் கைகாட்டத் தேவையில்லை.

பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் ஒத்திகை. இசைக்குழுவை நடத்துபவர் மெல்வின் சார். மங்களூர்க்காரர், பொறுமைசாலி, ஆனால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அவர் முன்னால் ஒரு குட்டித் திரை வைத்திருந்தார்கள். அதில் பரிசலைப் பார்த்துக்கொண்டே எங்களுக்குச் சைகை காட்ட வேண்டும். முஷ்டியை உயர்த்தினால் அதே வரி மறுபடி. உள்ளங்கையை விரித்தால் அடுத்த பகுதி.

விளையாடுவது நஃபீசா. ஒரு கேமைக் கடைக்கு அனுப்புமுன் விளையாடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே கம்பெனிகளில் ஆள் வைத்திருக்கிறார்கள். அதுதான் அவள் வேலை. சாமோடு சேர்த்து அவளுக்கும் வேலை போயிருந்தது. பிரேசர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். கண்ணாடியும் தலையில் போட்ட துப்பட்டாவுமாக மேஜையில் உட்கார்ந்து, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முதல் தடவை பரிசல் நடு ஆற்றில் கவிழ்ந்தது. இரண்டாவது தடவையும் கவிழ்ந்தது. நாங்கள் சுற்றிச் சுற்றி வாசித்தோம். என் பகுதி கேட்க ஒன்றுமில்லை. கீழே ஒரே உருட்டல். ஆனால் நிறுத்த முடியாது. மூன்றாவது தடவையும் கவிழ்ந்தபோது மெல்வின் சார் வில்களை இறக்கச் சொன்னார். வீட்டில் நிதானமாக விளையாடிப் படமாக எடுத்து அதைத் திரையில் ஓட்டிவிடலாம், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"தெரியும் சார்," என்றான் சாம். "வர்றவங்க எல்லாரும் கேம் ஆடுறவங்க. அவங்களுக்குத் தெரியும்."

"கரை சேராவிட்டால்?"

"சேராது. அவ்வளவுதான்."

சேராவிட்டால் அவனுடைய கடைசிப் பாட்டை யாரும் கேட்கப்போவதில்லை. அது அக்கரையில்தான் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. வேலை போன நேரத்தில் இவ்வளவு வீம்பு ஆகாது. இடைவேளையில் அவனிடம் போகலாம் என்று நோட்டைப் புரட்டினால் கோபம் இரட்டிப்பானது. அந்தக் கடைசிப் பாட்டில் என் பகுதி முழுக்க ஓய்வுக் குறிகள். ஒரு சுரம்கூட இல்லை.

"ஏல, இங்க வா. இம்புட்டுத் தூரம் பேஸத் தூக்கிட்டு வந்திருக்கேன். கடைசிப் பக்கத்துல எனக்கு ஒண்ணுமே இல்லயே?"

"நீதான்க்கா தண்ணி," என்றான். "கரை ஏறியாச்சுன்னா தண்ணி எதுக்கு?"

பதில் தெளிவாகத்தான் இருந்தது. மனசு ஆறவில்லை. அடுத்த தடவை நஃபீசா பரிசலைக் கவிழ்த்ததும், டாரதி ஆன்ட்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நாங்கள் இருவரும் வேடிக்கைக்கு ஓர் ஆமென் போட்டோம். குழுவில் பாதிப்பேர் ஆலயங்களில் வாசிப்பவர்கள், எல்லோரும் சிரித்தார்கள். சாம் சிரிக்கவில்லை. "அது இங்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னான்.

ஒத்திகை முடிந்து நஃபீசா என்னைக் கீமா சமோசா தின்ன அழைத்துப் போனாள். தூறல் நின்று தெருவெல்லாம் பொரிக்கிற வாசனை. கடைக்காரர் தட்டில் வெங்காயத்தை அள்ளி வைக்க வந்தபோது, "நக்கோ பாய், நக்கோ" என்று தடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வீட்ல கண்ண மூடிக்கிட்டு கரை சேத்திருக்கேன் அக்கா. அந்த ஆடுங்களுக்கு நான் பேரெல்லாம் வெச்சிருக்கேன். ஆளுங்க முன்னாடி ஒக்காந்தா கை நடுங்குது. வேற ஒண்ணும் இல்ல."

"படம் எடுத்து ஓட்டிருவோம்னு நீயாச்சும் அவன்ட்ட சொல்லேன்."

"சொல்ல மாட்டேன் அக்கா," என்றாள். "நாளன்னிக்கு அந்த லேப்டாப்ப குடுத்துட்டா எனக்கும் அவ்ளோதான. நாளைக்கு நான் ஆடணும்."

சமோசாவைத் தின்றேன். நன்றாக இருந்தது.

கச்சேரி நாளில் அதே குட்ஸ் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். திரும்ப ஏற்றிப் போக எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார். எனக்கே தெரியாது, ஆடு கரை சேர்ந்தால்தான் முடியும் என்றேன். இந்த ஊரில் எல்லாவிதமான ஆட்களையும் ஏற்றியிருப்பார் போல. சரி என்று தலையாட்டிவிட்டு வாசலிலேயே வண்டியைப் போட்டுக் காத்திருந்தார்.

அரங்கம் நிறைந்திருந்தது. நான் வாசித்துப் பழகிய கூட்டம் பட்டும் வேட்டியுமாக வரும், இருமும், விசிறிக்கொள்ளும். இங்கே எல்லோரும் கேம் படம் போட்ட சட்டை. நீல முடி வைத்துக்கொண்டு ஒரு பெண், அட்டையில் செய்த கவசத்தோடு இரண்டு பேர். ஒருவருடைய அட்டை வாளைச் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலேயே தொங்கவிட்டபடி ஆபீசிலிருந்து நேரே வந்தவர்கள் பாதிப்பேர். என் ஸ்டூலுக்குப் பக்கத்துப் படிக்கட்டில் இரண்டு பையன்கள் திருச்சித் தமிழில், மேனேஜரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாதியில் வெளிநாட்டு கேம்களின் இசை. எனக்கு ஒன்றும் தெரியாது. நோட்டில் இருந்ததை வாசித்தேன். ஆனால் ஒவ்வோர் உருப்படியிலும் முதல் இரண்டு சுரம் வந்ததுமே கூட்டம் 'ஓ'வென்று எழும், உடனே அமைதியாகிவிடும். ஒரு மெட்டுக்கு அந்தத் திருச்சிப் பையன்களில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மற்றவன், "என்னடா?" என்றான். "பன்னெண்டாவதுல ஃபெயிலானப்ப இத ஆடிட்டு இருந்தேன்டா" என்றான் அவன். எங்கள் ஆலயத்தில் பாட்டுக்கு அழுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அழுகைக்கும் இதற்கும் வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் சாமின் முறை. நஃபீசா வந்து மேஜையில் உட்கார்ந்தாள். திரையில் ஆறு ஓடியது. நாங்கள் ஆரம்பித்தோம்.

ஆடுகள் ஒவ்வொன்றாக அக்கரை போயின. அவள் கை நடுங்குவது எனக்கே தெரிந்தது, ஆனாலும் போயின. கடைசி ஆட்டோடு ஒருமுறை கவிழ்ந்தாள். கூட்டம் 'அய்யோ' என்றது. மெல்வின் சார் எங்களை வரியின் தொடக்கத்துக்குத் திருப்பினார். அவள் மறுபடி ஏற்றினாள், நடு ஆற்றைத் தாண்டினாள், சுழலைத் தாண்டினாள். கரைக்கும் பரிசலுக்கும் நடுவே ஓர் ஆள் தாண்டுகிற தூரம் இருக்கும். திரை அப்படியே நின்றுவிட்டது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. முஷ்டி உயர்ந்தே இருந்தது; நாங்கள் சுற்றிக்கொண்டிருந்தோம். ஆறு ஓடவில்லை, ஆடு தலையைத் திருப்பியபடி நின்றது. நஃபீசா எல்லாப் பட்டன்களையும் அழுத்தினாள். மேடையின் பக்கவாட்டில் சாம் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். லேப்டாப் உறைந்துவிட்டது.

எனக்குப் பதற்றமே வரவில்லை. ரசம் தீர்ந்துவிட்டது, போதகர் உள்ளே போயிருக்கிறார், அவ்வளவுதான். சத்தத்தைக் குறைத்தேன். டாரதி ஆன்ட்டி விலகிக்கொண்டார், அவரைப் பார்த்து மற்ற வயலின்களும் ஒவ்வொன்றாக விலகின. கடைசியில் பேஸும் ஒரு கொம்பு வாத்தியமும் மட்டும் அடியில் ஓட்டிக்கொண்டிருந்தோம். மெல்வின் சார் என்னைப் பார்த்து, அப்படியே போ என்று தலையசைத்தார். நான் நன்றாகத்தான் வாசித்தேன். கர்வமாகக்கூட இருந்தது.

அப்போது நஃபீசா கன்ட்ரோலரை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

வயரைச் சரிபார்க்க எழுந்தாள். வேறொன்றுமில்லை. ஆனால் என் கண் பார்த்தது கடைசி ஆள் எழுந்திருப்பதைத்தான். என்னைக் கேட்காமல் வில் ஆமெனில் இறங்கியது. ஆ. அதே நொடியில் டாரதி ஆன்ட்டியும் இறங்கினார். அவர் பின்னால் ஆலயத்தில் வாசிக்கும் அத்தனை பேரும், சைகை வந்துவிட்டது என்று நினைத்து மற்றவர்களும் இறங்கினார்கள். மென். முழு ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து, அழகாக, சுத்தமாக, முடித்துவிட்டோம். மெல்வின் சாரின் முஷ்டி மட்டும் இன்னும் மேலே இருந்தது.

அரங்கம் எழுந்து கைதட்டியது. முன்வரிசையில் மாலையோடு வந்திருந்த யாரோ மேடையேறப் புறப்பட்டார்கள். கச்சேரி முடிந்துவிட்டது.

சாம் ஒரு காலி வாத்தியப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். முகத்தை மூடிக்கொள்ளவில்லை, கோபப்படவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேஸைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது எனக்கு. அவன் இத்தனை வருஷம் உட்கார்ந்து செய்ததை ஒரே இழுப்பில் முடித்து வைத்தது நான். பார்சல் ஆபீஸ்காரன் அன்றைக்கு என்னை ஜெயித்திருக்கலாம்.

கைதட்டல் கொஞ்சம் ஓய்ந்தது. பால்கனியிலிருந்து ஒரு பெண் குரல், கன்னடத்தில்.

"ஆடு எல்லி?"

சிரிப்பு எழுந்தது. ஆடு எங்கே என்று இன்னொருவன் தமிழில் கேட்டான். பிறகு படிக்கட்டிலிருந்த திருச்சிப் பையன், பன்னிரண்டாவதில் தவறியவன், எழுந்து நின்று, "கன்டின்யூ!" என்று கத்தினான். அதை அப்படியே அரங்கம் பிடித்துக்கொண்டது. கன்டின்யூ, கன்டின்யூ.

"என்னாம்மா கத்தறாங்க?" என்று டாரதி ஆன்ட்டி கேட்டார். அவருக்கு முகமெல்லாம் வெளிறியிருந்தது.

மேஜையடியிலிருந்து நஃபீசா தலையை நீட்டினாள். "கேம்ல செத்துட்டா ஸ்கிரீன்ல கேக்கும் ஆன்ட்டி, கன்டின்யூ பண்றியான்னு. பத்துலேர்ந்து எண்ணும். அதுக்குள்ள அழுத்தினா மறுபடி உயிர் வரும்." சொல்லிவிட்டு லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள்.

அதற்குள் கூட்டமே எண்ணத் தொடங்கியிருந்தது. பத்து, ஒன்பது, எட்டு என்று இங்கிலீஷில், தரையைக் காலால் தட்டிக்கொண்டு. மாலையோடு வந்தவர்கள் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். பூஜ்யம் வந்தும் லேப்டாப் எழவில்லை. கொஞ்சமும் வெட்கப்படாமல் மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்தார்கள். மெல்வின் சார் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு, நான் அங்கே பார்த்தவரை முதல் தடவையாகச் சிரித்தார். தாளக்கோலை உயர்த்தினார். சாம் பெட்டியிலிருந்து எழுந்து நின்றான்.

மூன்றாவது எண்ணிக்கையில் ஆறு ஓடத் தொடங்கியது.

கடைசி ஆடு மட்டும் இக்கரையில் நின்றது. மற்றவை ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கணக்கு கேமில் அழியாமல் இருந்தது. நஃபீசா அதை ஏற்றினாள். இப்போது அவள் கை நடுங்கியதா என்று நான் பார்க்கவில்லை. மெல்வின் சாரின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுழல் வந்தது, போனது. முன்பு உறைந்த இடம் வந்தது. பரிசல் கரையில் முட்டியது. ஆடு கொஞ்சம் யோசித்துவிட்டுக் குதித்தது.

உள்ளங்கை விரிந்தது. நான் நிறுத்தினேன்.

அதுவரை என் காதில் என் உருட்டல்தான் இருந்தது. அது நின்றதும் ஒரு புல்லாங்குழல் கேட்டது. மெட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு சுரம் மேலே போய்க் கீழே வந்தது. பின்னால் டாரதி ஆன்ட்டியும் மற்ற வயலின்களும் மெல்லச் சேர்ந்துகொண்டார்கள். தண்ணீர் நின்றால் ஒழிய கேட்காதபடி அதை எழுதியிருக்கிறான் என் தம்பி. ஒத்திகையில் ஒருமுறைகூட அக்கரை போகாததால் நானும் அப்போதுதான் முதல் தடவை கேட்டேன்.

அந்தப் பாட்டுக்கும் முடிவு இல்லை. விளையாடுகிறவர் கன்ட்ரோலரைக் கீழே வைக்கும் வரை அது போகும். திரையில் அந்தப் பெண் கரையில் உட்கார்ந்திருந்தாள், ஆடுகள் மேய்ந்தன, மெல்வின் சாரின் முஷ்டி உயர்ந்தது, இறங்கவில்லை. நஃபீசா கன்ட்ரோலரை வைக்கவில்லை. ஒரு பட்டனையும் அழுத்தாமல், மடியில் அதைப் பிடித்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டால் அப்புறம் கிடையாது என்று அவளுக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரிந்திருந்தது. யாரும் இருமவில்லை. மெட்டு ஒவ்வொரு தடவை கீழே வந்தபோதும் என் வலது கை வில்லைத் தூக்கப் பார்த்தது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து, சத்தம் வராமல், அவள் அதை மேஜையில் வைத்தாள். புல்லாங்குழல் அந்த மூச்சோடு நின்றது.

கைதட்டல், மாலை, போட்டோ எல்லாம் நடந்தன. எல்லோரும் இறங்கிப் போனார்கள். வாசலில் குட்ஸ் ஆட்டோ ஹாரன் அடித்தது. சாம் பேஸின் உறையை எடுத்துக்கொண்டு என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. ஏதாவது திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் என் கையைப் பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன். இடது கை இன்னும் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது.

"கைய விடுக்கா," என்றான். "முடிஞ்சிட்டு."